அரை சிலிண்டர்

ஹாஸ்டலில் எனக்கு இரண்டு ரூம் தள்ளி ஒரு காத்மாண்டு பையன் இருக்கிறான். போன வாரம் மெஸ்ஸில் கேஸ் தீர்ந்து டிபன் லேட். நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் சிரித்தான். "எங்க வீட்ல நாலரை மாசம் இப்படித்தான். உங்க புண்ணியம்" என்றான், அவனுடைய அரைகுறைத் தமிழில்.

"உங்க" என்றது இந்தியாவை. எனக்குச் சுருக்கென்றது. 2015-ல் நானும் அவனும் சின்னப் பிள்ளைகள். எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அவனுக்கோ மொட்டை மாடியில் அம்மா விறகு வைத்துச் சமைத்தது, அரசாங்கம் பாதி நிரப்பிக் கொடுத்த சிலிண்டர், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம் நேபாளத்தில் இந்தியாவுக்கு நல்ல பெயர். ஆகஸ்ட் 2014-ல் மோடி போய் அவர்கள் நாடாளுமன்றத்தில் நேபாளியில் சில வரிகள் பேச, ஏக வரவேற்பு. ஏப்ரல் 25, 2015-ல் பூகம்பம், ஏறக்குறைய 9,000 பேர் பலி. சில மணி நேரத்திலேயே இந்திய விமானப்படை விமானங்கள் உதவியோடு போய்விட்டன. நியாயமாகப் பார்த்தால் இதற்குக் காலத்துக்கும் நன்றி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பத்து நாள் ஆவதற்குள் ட்விட்டரில் "இந்திய மீடியாவே, வீட்டுக்குப் போ" என்று நேபாளிகள் கோஷம் போட்டார்கள். வீடு இடிந்து, ஆளை இழந்து நிற்பவர்களிடம் மைக்கை நீட்டி "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? சோறு கொடுத்துவிட்டு போட்டோ எடுத்தால் சோறு மறந்துவிடும், போட்டோதான் நிற்கும்.

செப்டம்பர் 20-ல் நேபாளம் புதிய அரசியலமைப்பை அறிவித்தது. தெற்குச் சமவெளியின் மதேசிகள் தங்களுக்கு அநீதி என்று ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கோபம் பொய்யில்லை. அந்த ஆகஸ்ட், செப்டம்பர் கலவரத்தில் போலீஸ்காரர்களையும் சேர்த்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். டெல்லி புதிய சட்டத்தை வரவேற்கவில்லை, "கவனித்தோம்" என்றதோடு சரி. அடுத்த சில நாளில் எல்லையில் லாரிகள் நின்றன. கடலே இல்லாத நாடு, பெட்ரோலும் கேஸும் இந்தியாவிலிருந்துதான் வர வேண்டும்.

நாங்கள் தடுக்கவில்லை, போராட்டக்காரர்கள் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், டிரைவர்கள் பயப்படுகிறார்கள் என்றது இந்தியா. ரக்சால் - பீர்கஞ்ச் பாலத்தில் மதேசிகள் உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் மற்ற வழிகளிலும் லாரிகள் தேங்குவதை காத்மாண்டுக்காரர்கள் பார்த்தார்கள். 1989-லும் இந்தியா எல்லை வழிகளில் பெரும்பாலானவற்றை மூடியிருந்தது. பெரியவர்களுக்கு அது மறக்கவில்லை. அடுப்பு எரியாத வீட்டில் போய் வெளியுறவுத்துறை அறிக்கையைப் படித்துக் காட்ட முடியுமா?

(இவர்கள் பார்ப்பது எப்போதும் சரி என்றும் சொல்லமாட்டேன். டிசம்பர் 2000-ல் ஹ்ரித்திக் ரோஷன் நேபாளத்தைப் பிடிக்காது என்றதாக ஒரு வதந்தி. அவர் மறுத்தார். அதற்குள் காத்மாண்டில் கலவரம், உயிர்ப்பலி. பெரிய நாட்டைப் பற்றி எதையும் நம்பத் தயாராக இருக்கிறார்கள் என்பதே ஒரு பிரச்சினைதானே?)

லாபம் யாருக்கு என்று பாருங்கள். சீனா அப்போது இனாமாகக் கொடுத்தது வெறும் 1,000 டன் பெட்ரோல். தேவைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இருந்தும் பெயர் கிடைத்தது. 1996-ல் இந்தியாவுடனான மகாகாளி ஒப்பந்தத்துக்காகத் தன் கட்சிக்குள்ளேயே வாதாடியவர் கே.பி. ஒலி. அதே ஒலி தடை நடக்கும்போது பிரதமராகி, மார்ச் 2016-ல் பெய்ஜிங் போய் சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். 2017 தேர்தலில் அவர் கூட்டணிக்குப் பெரிய வெற்றி. தடை மட்டுமே காரணம் இல்லை, இடதுசாரிகள் ஒன்றுசேர்ந்ததும்தான். ஆனால் "இந்தியாவுக்குப் பணியாதவர்" என்ற பட்டத்தை அவருக்கு இலவசமாகக் கொடுத்தது நாம்தான் என்பேன். டெல்லி கேட்டது சட்டத் திருத்தம், கிடைத்தது இது.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் நண்பனிடம் போனேன். இப்போது அப்படி இல்லையே, 2019-ல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயே போட்டிருக்கிறோமே, லாரிக்குக் காத்திருக்க வேண்டாமே என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லதுதான்" என்றான். "வால்வு எந்தப் பக்கம்டா இருக்கு?"