இரும்பு இறங்க வேண்டும்

ஏப்ரல் 21

இரண்டு நாளாகப் பாப்பா வாசற்படி ஏறுவதற்கே "தூக்கும்மா" என்று கையை நீட்டினாள். தலசீமியா உள்ள அவளுக்கு ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் அடையாளம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்தபோது 9.1. கிராஸ் மேட்ச் முடிந்து பை வரும்போது மணி பதினொன்று. நான்கு வயது, பதின்மூன்று கிலோ. அவளுக்கு 160 மில்லிதான். மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சொட்டியது. முதல் கால் மணி நேரம் சிஸ்டர் பக்கத்திலேயே நின்று, நடுக்கம், தடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேருந்துச் சீட்டில் ஏறி நின்று பாட ஆரம்பித்துவிட்டாள்.

பார்க்கிறவர்கள், "ரத்தம் ஏத்தியாச்சில்ல, இனி கவலையில்லை" என்கிறார்கள். எங்கள் வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அந்தச் சின்னப் பையில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து அவள் உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1 மில்லிகிராம் அளவுதான். மூன்று மாதத்து இரும்பு ஒரே பகலில் உள்ளே போகிறது; மூன்று நான்கு வாரத்தில் அடுத்த பை. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற மனித உடம்பில் வழியே கிடையாது. அது கல்லீரலில், இதயத்தில், வளர்ச்சிக்கான சுரப்பிகளில் போய்த் தங்கிவிடும்.

ஏப்ரல் 25

அந்த இரும்பை இறக்கத்தான் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், தினமும் ஒரே நேரத்தில். மாத்திரையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் மெல்லப் பிரிந்து சுண்ணாம்புத் தண்ணீர் போல ஆகிறது. பாலில் கலந்தால் நுரைத்துப் போய்ச் சரியாகக் கரையாது. குடித்து முடித்த பிறகும் டம்ளரின் அடியிலும் சுவரிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுற்றி, அதையும் குடிக்க வைக்க வேண்டும். அந்த இரண்டாவது வாய்க்குத்தான் அழுகை. அவள் அப்பா உளியை வைத்துவிட்டு வந்து மடியில் உட்கார வைத்துக்கொள்கிறார். அரை மணி கழித்துத்தான் இட்லி.

மாதா மாதம் கிரியேட்டினின், சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபெரிட்டின், வருடத்துக்கு ஒருமுறை கண்ணும் காதும். சென்ற முறை ஃபெரிட்டின் 1,640. ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

ஏப்ரல் 30

ஊரே சேர்ந்து அவளுக்கு இரும்பு ஊட்டப் பார்க்கிறது; எல்லாம் பாசம்தான். அத்தை பேரீச்சம்பழத்தோடு வந்தார். எதிர்வீட்டு அக்கா ஆட்டு ஈரல் வறுத்துக் கொடுத்தனுப்பினார். கீரைக்கெல்லாம் நாங்கள் பயப்படுவதில்லை. ஏறும் ரத்தத்துக்கு முன்னால் அதிலுள்ள இரும்பு ஒன்றுமேயில்லை. ஈரலும் டானிக்கும் மட்டும் கூடவே கூடாது. அங்கன்வாடியில் வாரம் இருமுறை குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் இவளுக்கு வேண்டாம் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டை டீச்சரிடம் கொடுத்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

எங்களைப் போலக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கடல் நீரிலும் வேகாத மட்டியிலும் இருக்கும் சில கிருமிகளுக்கு, இரும்பு மிகுந்த உடம்பு நல்ல விளைநிலம். காலில் புண் இருந்தால் அலையில் இறங்க விடுவதில்லை. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மே 3

தங்கை போன் செய்தாள். எட்டு வாரமாம். சந்தோஷத்தோடு சந்தோஷமாக, "எச்பிஏ2 பார்த்தியா?" என்று கேட்டேன். நோயில்லாமலே தலசீமியாவைச் சுமக்கும் கேரியரா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. போனைப் பிடுங்கிப் பேசியது அம்மா. "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுகிட்ட என்ன பேச்சுடி இது?"

பேசித்தான் ஆக வேண்டும். அவள் கட்டியிருப்பது எங்கள் தாய்மாமனை. என்னிடம் இருப்பது அம்மா வழியில் வந்திருந்தால் தங்கைக்கும் இருக்கலாம், மாமாவுக்கும் இருக்கலாம். எனக்கும் என் கணவருக்கும் இன்றுவரை உடம்பில் ஒரு குறையும் கிடையாது. இருவருமே கேரியர் என்பது பாப்பா ஏழு மாதத்தில் வெளுத்துப்போன பிறகுதான் தெரிந்தது. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பத்து, பதினொரு வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் சிறு துணுக்கு எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும். நாள் கடத்தினால் அந்த வழி குறுகிக்கொண்டே போகும்.

மே 8

உலக தலசீமியா நாள். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகளாவது இந்த நோயோடு பிறக்கிறார்கள். சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் கேரியர். 1970களில் பரிசோதனையைத் தொடங்கி, இன்று அங்கே இந்த நோயோடு குழந்தை பிறப்பதே அபூர்வம். நோயை வேரோடு தீர்ப்பது எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986லேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால்தான் நல்லது. பாப்பா ஒற்றைப் பிள்ளை.

அக்னி நட்சத்திரம் வேறு. கல்லூரி விடுமுறையில் ரத்ததான முகாம்கள் குறைந்துவிடும். அடுத்த பைக்கு என் கணவருடைய பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மே 14

தங்கைக்கு எச்பிஏ2 5.2. கேரியர்தான். மாமாவின் முடிவு வர மேலும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இன்று வந்துவிட்டது: 2.6. மற்ற அளவுகளும் சரியாக இருக்கின்றன. பிறக்கும் குழந்தை கேரியராக இருக்கலாம், அவ்வளவுதான். மாதா மாதம் ரத்தம் தேவைப்படாது. அம்மா போனிலேயே, சின்ன மாமா பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், அவளையும் பார்க்கச் சொல்லணும் என்றார்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். எச்பிஏ2 ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துணைவருக்கும் உடனே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தால் நல்லது. தவறிவிட்டால், கர்ப்பம் உறுதியான வாரமே பாருங்கள்.