500 ரூபாயில் ஒரு சாயங்காலம்

சென்னையில் காதலிப்பது ரொம்ப காஸ்ட்லி சமாச்சாரம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை மக்களே. மால் வாசலை மிதித்தால்தான் காஸ்ட்லி. வண்டியை நிறுத்தக் காசு, ஆன்லைனில் புக் பண்ணினால் அதற்கொரு தனிக் கட்டணம், இடைவேளையில் பாப்கார்ன் பக்கம் போனால் டிக்கெட் விலையே சின்னதாகத் தெரியும்.

அந்த ஜோடியும் கொஞ்ச நாள் முன்பு வரை மால் கட்சிதான். அவன் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறான். (ஸ்டைபெண்ட் எவ்வளவு என்று யாரும் கேட்காதீர்கள், பாவம்.) அவள் பி.காம் கடைசி வருடம், சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன். ஒவ்வொரு முறையும் படம் முடிந்து சாப்பிடப் போனால் அவளுக்கு மட்டும் வாங்குவான். "மத்தியானம் ஆபீஸ்ல செம சாப்பாடு, வயித்துல இடமே இல்ல" என்பான். இரண்டு தடவை நம்பினாள். மூன்றாவது தடவை அதே வசனம் வந்தபோது நிதானமாகக் கேட்டாள்: "ஏண்டா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எந்த ஆபீஸ்?"

அவன் முழித்த முழி இருக்கிறதே! பர்கரைப் பாதியில் வைத்துவிட்டாள். பஸ் ஸ்டாப் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒருத்தன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் மூன்று மாதமாகச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காசில்லை என்று சொல்வதை விடப் பொய் சொல்வது சுலபம் என்று அவன் நினைத்தது அதற்கு மேல்.

மறுநாள் அவளே சட்டம் போட்டாள். மாதம் ஒரு முறை, மொத்தம் 500 ரூபாய். ஆளுக்கு 250. பர்ஸ் அவள் கையில். இரண்டு பேரும் சாப்பிட்டாக வேண்டும்.

இடம் அண்ணா சாலை தேவி தியேட்டர். 1970இல் திறந்தது. ஒரு காலத்தில் அந்த ரோடு முழுக்க தியேட்டர்தான். மூன்று அரங்கோடு 1964இல் வந்த சஃபையர் போச்சு, ஆனந்த் போச்சு, சாந்தியும் போச்சு. தேவி அசையாமல் நிற்கிறது. தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டு ஏற வேண்டியதில்லை, வளைந்து வளைந்து போகும் சரிவுப் பாதை. கை கோத்துக்கொண்டு மெதுவாக ஏற இதைவிட நல்ல இடம் சென்னையில் கிடையாது.

டிக்கெட்டைக் கவுன்டரில் நின்று வாங்கினார்கள், அதுவும் முன்வரிசை. இங்கே ஒரு காமர்ஸ் பாயிண்ட்: 2025 செப்டம்பர் 22 முதல் டிக்கெட் விலை 100 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. ஆக முன்வரிசைக்காரனுக்கு விலையும் குறைவு, வரியும் குறைவு. கழுத்து வலிக்கு மட்டும் விலக்கு இல்லை :) தண்ணீர் பாட்டிலும் வாங்கவில்லை. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. இதை அவன் இடைவேளையில் ஐந்து நிமிடம் விளக்க, அவள் குடித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

படம் சுமார். விடுங்கள்.

வெளியே வந்து வாலாஜா சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்கு நடை. ரத்னா கபே. 1948இலிருந்து இருக்கிற ஹோட்டல். அங்கே இட்லிக்கு சாம்பார் தொட்டுக்கொள்வது என்ற பேச்சே இல்லை, இட்லியே சாம்பாரில் குளிக்கும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஒரு பிளேட் முடித்துவிட்டு "எனக்குப் போதும்" என்றான், பழக்க தோஷம்! அவள் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்தாள்.

"அண்ணே, இன்னொரு பிளேட் இட்லி" என்றான் சர்வரிடம்.

அதையும் முடித்தான். அப்புறம் ஒரு ரோஸ்ட். இவ்வளவு சாப்பிடுகிறவன் அந்த மூன்று மாதமும் வெறும் வயிற்றோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தானே என்று அவளுக்குக் கண் கலங்கியது. "சாம்பார் காரம்" என்று சமாளித்தாள். இப்போது பொய் சொல்வது அவள் முறை போலிருக்கிறது.

காபியும் ஆனபின் பர்ஸில் மிச்சம் 60 ரூபாய். திரும்பிப் போகச் சாதா பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம். "உனக்குத்தாண்டா செலவு" என்று ஒரு குத்தல். அவன் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்தது போக மீதியை அடுத்த மாதத்துக்கு வரவு வைக்க வேண்டும் என்றான், ஆடிட்டர் ஆகப் போகிறவனாயிற்றே. மெரினாவில் சுண்டல் என்றாள் அவள். சேப்பாக்கம் ஸ்டேடியத்தைத் தாண்டும் வரை சண்டை. கடைசியில் சுண்டல்தான். ஒரு பொட்டலம் போதும் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டாக வாங்கிவிட்டாள்.