மதிலோரத்து இலைகள்

தோட்டம் என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது மலர்தான். ஆனால் மலர் விருந்தினர். சில நாள் தங்கி விடைபெறும். இலையோ வீட்டார், ஆண்டு முழுவதும் உடனிருக்கும். வீட்டாரைப் பேணாது விருந்தினரையே எதிர்நோக்கும் தோட்டம் பங்குனியில் வெறிச்சோடிக் கிடப்பதில் வியப்பென்ன?

கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற சாமராஜநகரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுயரக் கருங்கல் மதில் ஒன்று உண்டு. வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் 'எலெ' என்பார்; நான் 'இலை' என்பேன். சொல் இரண்டாயினும் ஆசை ஒன்றே. அம்மதிலோரம் ஆண்டு முழுவதும் கண்ணுக்கு இனிதாக இருக்க வேண்டும்.

கல் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அவ்வெப்பத்தை வெளிவிடும். சாய்ந்து பெய்யும் மழையையும் மதில் தடுத்துவிடும். ஆகவே மதிலடி மண் விரைவில் காயும். ஒன்றரை அடி தள்ளி நடுவதே நன்று. இவ்வூரில் சித்திரை, வைகாசியில் இடிமழை. புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை. தை முதல் பங்குனி வரை வறட்சி. அந்த வறட்சியைத் தாங்கும் பல்லாண்டுச் செடிகளே நமக்கு வேண்டியவை.

இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் (1843–1932) சாம்பல் நிற இலைகளைப் பிற நிறங்களுக்கிடையே நட்டுப் புகழ்பெற்றார். அங்கே பல்லாண்டுச் செடிகளுள் பல குளிர்காலத்தில் தரையோடு மடிந்து, வசந்தத்தில்தான் மீண்டும் துளிர்க்கும். நமக்கு அக்கவலை இல்லை.

நாங்கள் நட்ட முறை எளியது. முதலில் வடிவம், அடுத்து மேற்பரப்பு, கடைசியில் நிறம். பின்வரிசையில் பளபளக்கும் குரோட்டன்ஸ். அதன் மஞ்சளும் சிவப்பும் கருங்கல்லின்முன் சுடர்விடும். கருந்துளசியைக் கல்லை ஒட்டி நட்டால் அதன் நிறம் கல்லோடு கலந்து மறைந்துபோகும். அதனால் அதன் பின்னே சாம்பல் பூத்த மாசிப்பத்திரியை வைத்தோம். அகன்ற இலைகளுக்கு இடையே எலுமிச்சைப் புல்லும், வாள்போல் நிமிரும் மருளும். முன்வரிசையில் தடித்த இலைக் கற்பூரவல்லி. துளசிக் கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை தழைக்கும்.

இவ்வேறுபாடுகள் வெறும் ஒப்பனையோ? இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பிழைப்பு வழி. சாம்பல் இலையின் நுண்மயிர்கள் வெயிலைச் சிதறடிக்கின்றன. மருள் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கிறது. அதனால் நீர் வீணாவதில்லை. குரோட்டன்ஸுக்கு நிறம் தருவது வெளிச்சம். நிழலில் வைத்தால் அது பச்சையாகி மங்கும். வாழும் வழி வேறானதால்தான் தோற்றமும் வேறாயிற்று.

மதிலின் மூலை ஒன்று மிஞ்சியிருந்தது. "அங்கே உண்ணிச்செடி வைக்கலாமே! நீர் கேட்காது, மாடும் தின்னாது, பூவும் ஓயாது" என்றார் அம்மா. மூன்றும் உண்மை. அம்மூன்றுமே என்னை அஞ்சவும் வைத்தன. அமெரிக்க வெப்பநாடுகளின் அச்செடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகவே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் கனியை உண்டு விதையைக் காடெங்கும் தூவின. இன்று இம்மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் அது புதராய் மண்டி, புல்லையும் இளங்கன்றுகளையும் நெருக்குகிறது. புல் குறைந்தால் மானுக்கும் காட்டெருமைக்கும் இரை ஏது? அம்மலைகளின் பழங்குடியினரான சோலிகர்களுள் சிலர் அதன் தண்டை வெட்டி, நாற்காலியும் கூடையும் முடைந்து பிழைக்கிறார்கள். பகையையும் பயனாக்கிய அவர்கள் கைத்திறன் பாராட்டுக்குரியது. ஆயினும் வெட்ட வெட்ட அது துளிர்க்கிறதே!

இவற்றைச் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம் மதிலிலிருந்து காடு என்ன தூரம்?" என்று கேட்டார். "பறவைக்குத் தூரம் ஏதம்மா?" என்றேன். அவரே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மருள் கிழங்கு வாங்கிவந்து அம்மூலையில் ஊன்றினார்.

செடியைத் தேர்பவர் இலையின் நிறத்தைப் பார்க்கட்டும், வடிவத்தைப் பார்க்கட்டும். அது எவ்வாறு பரவும் என்பதையும் ஒருமுறை கேட்டுவிடட்டும். மதிலோரத்து அழகு மதிலோரத்தில் நிற்பதே மலைக்கு நல்லது.