நம்பிக்கையே முதல்



ஒருநாள் பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் தயங்கியபடி கேட்டான்: "ஹஜ்ரத், நனைந்துபோன மாவு மூட்டைகளை வாப்பா விற்காமல் கொட்டிவிட்டார்கள். நேர்மையாக இருந்தால் நஷ்டம்தானே?"

அவனிடம் ஒரு வரலாற்றைச் சொன்னேன். 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலினால் எனும் வலிநிவாரணியை உட்கொண்ட ஏழு பேர் இறந்தனர். கடைகளில் இருந்த குப்பிகளில் எவரோ சயனைடு நஞ்சைக் கலந்திருந்தனர். தவறு தொழிற்சாலையில் நிகழவில்லை என விசாரணையாளர்கள் கருதினர். ஆயினும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. இழப்பு 10 கோடி டாலருக்கும் மேல். பின்னர் பாதுகாப்பு முத்திரையிட்ட குப்பிகளில் அம்மருந்து மீண்டும் விற்பனைக்கு வந்தது. மக்களும் அதை நாடி வந்தனர்.

மாணவன் முகம் மலர்ந்தது. ஆனால் கதையை அங்கே நிறுத்த என் மனம் இசையவில்லை. அதே நிறுவனம் பிற்காலத்தில் தன் டால்கம் பவுடர் குறித்து ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. அது தீங்கற்றதென வாதிட்டபோதிலும், டால்க் கலந்த குழந்தைப் பவுடரின் விற்பனையை 2023-இல் உலகெங்கும் நிறுத்தியது. நேற்றைய நேர்மை இன்றைய ஐயத்தைத் தீர்த்துவிடவில்லை!

நம்பிக்கை வணிகரின் சொத்தன்று; வாங்குவோரும் தொழிலாளரும் பங்குதாரரும் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு அன்றாடம் கணக்குக் காட்டியாக வேண்டும்.

"உன் வாப்பா இழந்தது மாவு, காத்தது அமானிதம்" என்றேன்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையும் உங்கள் தராசைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்!