சாருக்கு எந்த டெஸ்க்டாப்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் வீட்டுக்கு ஒரு பழைய லேப்டாப் பீரோ மேலோ டிவி ஸ்டாண்டுக்கு அடியிலோ கிடக்கும். மகனோ மகளோ கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்ப் புதியது வாங்கிக்கொண்டதும் இது அப்பாவுக்கு என்று ஆகிவிட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவையும் இவற்றில் உண்டு. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் அதைத் திறந்து பார்த்த வீடுகள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. திறந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட யாரும் இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும் என்கிறது. நான் சொல்லும் பழைய லேப்டாப்களில் பலவற்றில் இரண்டுமே இல்லை. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. இந்த நிலையில்தான் லினக்ஸ் பேச்சு எழுகிறது. பேச்சு எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் அடுத்த கேள்வி: எந்த டெஸ்க்டாப்?

விண்டோஸில் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. அங்கே கம்பெனி எதைக் கொடுக்கிறதோ அதுதான் முகம். லினக்ஸில் உள்ளே ஓடும் எந்திரம் வேறு, கண்ணுக்குத் தெரியும் மெனுவும் ஜன்னல்களும் வேறு. கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே, சின்னமன் என்று பல முகங்கள், பிடித்ததைப் பொருத்திக்கொள்ளலாம். இதில் ஒரு தேதிப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்தது 1996 அக்டோபர் 14. நிபுணருக்காக இல்லாமல், கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் நினைக்கிற சாதாரண ஆளுக்காக ஒரு முகம் வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். மறு ஆண்டே க்னோம் வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்த் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கேடிஇயின் மெனுக்களைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, புதியவருக்கு எது எளிது என்ற கேள்விக்கு ஏறக்குறைய முப்பது வயது.

எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டு சார் ஒருவர், முதல் அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர். ரஷ்ய உதவியோடு கட்டி 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020இல் மூடப்பட்ட நிலையம் அது. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு கட்டிப் போய்விட்டார். அவருடைய லேப்டாப்புக்குத்தான் நான் கடைசியாக டெஸ்க்டாப் தேடினேன். அமெரிக்காவில் இருக்கும் மகளோடு வீடியோ கால், பென்ஷன் விவரம் பார்ப்பது, செய்தித்தாள், பழைய பாட்டு, சங்கத்துக்குத் தமிழில் கடிதம். அவருக்கு வேண்டியது அவ்வளவே.

லினக்ஸில் ஒரு நல்ல வசதி, பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அது தொடாது. வெவ்வேறு டெஸ்க்டாப்களைப் பென்டிரைவ்களில் எடுத்துப்போய் அவரிடமே கொடுத்தேன். நான் வாய் திறக்கவில்லை. அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

க்னோமில் பாட்டைப் போட்டுவிட்டு ஜன்னலைக் கீழே இறக்கப் பார்த்தார். அதற்கான பொத்தானே இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பில் அதைச் சேர்த்துத் தருகிறார்கள். வெறும் க்னோம் அப்படித் தருவதில்லை. கீழே பட்டையும் கிடையாது. அடுத்து எக்ஸ்எஃப்சிஇ. மெனு உடனே பிடிபட்டது, வேகமும் பிடித்தது. ஆனால் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்க முயன்றபோது மவுஸ் முனை நழுவிக்கொண்டே இருந்தது. அந்த ஓரம் மயிரிழை அளவுக்குத்தான் இருக்கும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது பொத்தானால் இழுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். எழுபதை நெருங்குகிற கைக்கு அதைச் சொல்லித்தருவது நியாயமில்லை. கடைசியாக லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பின் சின்னமன். கை நேராக இடது மூலைக்குப் போனது, மெனு திறந்தது. கண் வலது மூலைக்குப் போனது, அங்கே மணி இருந்தது. "தம்பி, வச்ச இடத்துல இருக்கே எல்லாம்" என்றார்.

அவர் சொன்னதை அவருடைய வேலையோடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கன்ட்ரோல் ரூமில் எந்த மீட்டர் எந்தப் பலகையில் என்பது ஆண்டுக்கணக்கில் மாறாது. அலாரம் அடித்தால் யோசிப்பதற்கு முன்பே கண் அங்கே போயிருக்கும். அந்தப் பழக்கத்தில் முப்பது வருடம் இருந்தவரிடம், "இதுதான் இப்போது நவீனம், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அவருடைய அனுபவத்தை மதிக்காத பேச்சு. புதியவருக்கு எளிது என்றால் பொத்தான்கள் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் பொருள்கள் இடம் மாறாமல் இருப்பதே எளிமை. இதையே பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். கேரளத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். பழைய பழக்கம் எதுவும் இல்லாத குழந்தைக்கு க்னோம் ஒரு குறையே இல்லை.

கேடிஇயை அவரிடம் நான் காட்டவில்லை. நான் விரும்பிப் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் அதில் மாற்ற முடியாதது என்று எதுவும் இல்லை. தெரியாமல் மாற்றிவிட்டால் திரும்பக் கொண்டுவர ஆள் வேண்டும். மேட்டேயிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் பேனலில் வலது கிளிக் செய்தால் நீக்குவதற்கான வரி மெனுவிலேயே இருக்கும். கை பட்டு மெனுவே காணாமல் போன லேப்டாப்பை நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு அவற்றைப் போட்டுக் கொடுப்பவர்கள் பேனலை லாக் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

கனம், இலேசு என்ற வாதம் ஓரளவுக்குத்தான் செல்லும். டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் ரேம் வித்தியாசம் சில நூறு எம்பிதான். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் அதைவிட அதிகம் விழுங்கும். லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறது. காசு செலவழிக்க முடியுமானால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டெஸ்க்டாப்பும் தராத வேகத்தை அது தரும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எந்த டெஸ்க்டாப் என்று நாள் முழுக்க விவாதிப்பவர்கள், தமிழில் தட்டச்சு செய்ய வழி செய்துவிட்டோமா என்று பார்ப்பதே இல்லை. சாருடைய லேப்டாப்பில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். ஒரே விசைச் சேர்க்கையில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுகிற மாதிரி வைத்தேன். பிறகு எழுத்துத் தேர்வு அமைப்புக்குள் போய் எழுத்தின் அளவை 1.0இலிருந்து 1.3 ஆக்கினேன். மெனு, ஜன்னல் தலைப்பு, கோப்புகளின் பெயர் எல்லாம் ஒருசேரப் பெரிதாயின. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு 'நெய்வேலி' என்று அடித்தார். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சரியான இடத்தில் வந்து நின்றன. அன்று மாலையே சங்கத்துக்கு ஒரு பக்கக் கடிதம் தயார்.

ஒத்துவராதவையும் உண்டு. டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. சில பழைய லேசர் பிரிண்டர்கள் மல்லுக்கு நிற்கும். பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் கூடவே எடுத்துவர வேண்டும். கடைக் கணக்கு டேலியில் ஓடுகிற வீட்டுக்கு நான் லினக்ஸைச் சொல்வதில்லை.

4 ஜிபி ரேம் இருந்தால் மின்ட் சின்னமன், 2 ஜிபிதான் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. இது என் தீர்ப்பு. கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு 2012 முதல் வரும் கணியம் இதழ் தமிழிலேயே இருக்கிறது; விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று ஆர்வத்தோடு இயங்குகிறது. நெய்வேலியில் வளர்ந்து மென்பொருள் வேலைக்குப் போன தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பென்டிரைவ் எடுத்து வாருங்கள். அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுவிட்டு உடனே எழுந்து போகாதீர்கள். அவர் தமிழில் முதல் கடிதம் அடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்காருங்கள்.