சந்தைக்குப் போகும் பந்தயக் குதிரை

*ஆடம்பர ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்ட முடியுமா? ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரம் அறுபது ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லிவருகிறது. அந்தப் பதில் இந்தியத் தெருவுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.*

ஸ்டட்கார்ட் மத்திய ரயில் நிலையத்தில் எஸ்6 புறநகர் ரயிலைப் பிடித்தால், சற்று நேரத்தில் கார் கம்பெனியின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு நிலையம் வருகிறது: நாய்விர்ட்ஸ்ஹௌஸ், போர்ஷேபிளாட்ஸ். வெளியே வந்தால் ஒரு ரவுண்டானா. அதன் நடுவிலிருந்து மூன்று வெள்ளைத் தூண்கள் வளைந்து வானத்தை நோக்கி எழுகின்றன. உயரமான தூண் 24 மீட்டர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கார் பறக்கப் போவதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2015ல் நிறுவப்பட்ட இந்தச் சிற்பத்தை உருவாக்கியவர் கல்கத்தாவில் பிறந்த பிரிட்டிஷ் கலைஞர் ஜெர்ரி ஜூடா.

மூன்று கார்களும் ஒரே மாடலின் மூன்று தலைமுறைகள்: போர்ஷே 911. அண்ணாந்து பார்க்கும் பயணிக்குக் கழுத்து வலிக்கும்போதுதான் கீழே நடப்பது கண்ணில் படுகிறது. தூணில் கோயில் கொண்டிருக்கும் அதே கார், கீழே பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் சிக்னலில் காத்து நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சக்திமிக்க கார்கள் உலகில் எத்தனையோ உண்டு. பக்கத்துக் கடைக்குப் போவதற்கும் எடுக்கலாம் என்று பெயர் வாங்கியவை சிலவே.

ஜெர்மன் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஆல்டாக்ஸ்டௌக்லிஷ். அன்றாடத்துக்குத் தாக்குப்பிடிக்கக் கூடியது என்று பொருள். செருப்புக்கும் சைக்கிளுக்கும் பயன்படும் இந்தச் சொல்லை அங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கும் சொல்கிறார்கள். தமிழில் மொழிபெயர்க்க முயன்றால் சிக்கல். நம் மொழியில் ‘அன்றாடம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘காய்ச்சி’தான் வந்து உட்காரும். இரண்டு கோடி ரூபாய்க் காருக்கு அங்கே இடமில்லை. ஆனால் மும்பையிலோ தில்லியிலோ சென்னையிலோ ஷோரூமுக்குள் நுழையும் வசதி படைத்தவருக்கு இதே கேள்விதான்: வாங்கியபின் தினமும் ஓட்டப்போகிறோமா, உறை போட்டு மூடி வைக்கப்போகிறோமா?

அண்டாவுக்குள் ஒரு நகரம்

ஸ்டட்கார்ட்டின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இங்கே இருந்த குதிரைப் பண்ணைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. நகரச் சின்னத்தில் உள்ள கறுப்புக் குதிரை 1950களில் போர்ஷே சின்னத்தின் நடுவிலும் ஏறிக்கொண்டது.

ஊர்க்காரர்கள் நகர மையத்தைக் ‘கெஸ்ஸல்’ என்கிறார்கள். அண்டா என்று சொல்லலாம். நாற்புறமும் குன்றுகள், சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், மேட்டு வீடுகளுக்கு ஏற நானூறுக்கும் அதிகமான படிக்கட்டுப் பாதைகள். மரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோக் மேட்டுக்குப் பல்சக்கர ரயில் ஒன்று 1884 முதல் சுமார் 200 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில் பனி விழும். கல் பாவிய சந்துகள் வழுக்கும். ஆனால் நகர எல்லையைத் தாண்டினால் ஆட்டோபான். அதில் சில பகுதிகளில் வேகத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

இந்த ஊரில் வசிக்கும் கார் காலையில் ஈரமான மேட்டில் ஊர்ந்து ஏற வேண்டும். மதியம் குறுகிய நிலத்தடி நிறுத்தத்தில் நுழைய வேண்டும். மாலையில் ஆட்டோபானில் நெஞ்சை நிமிர்த்த வேண்டும். 911 இந்தச் சரிவுகளுக்காகவே வரையப்பட்டது என்று சொல்வது மிகை. ஆனால் இந்தத் தெருக்களில் பிழைக்கத் தெரிந்த கார் அது என்பதில் மிகையில்லை.

பின்னால் உட்கார்ந்த இன்ஜின்

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931ல் ஸ்டட்கார்ட்டில் தொடங்கியது தொழிற்சாலை அல்ல, பிறருக்குக் கார் வடிவமைத்துத் தரும் அலுவலகம். ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’ அங்கே உருவானது. போருக்குப்பின், 1948ல், ஆஸ்திரியாவின் க்முண்ட் கிராமத்தில் அவர் மகன் ஃபெர்ரியின் தலைமையில் முதல் போர்ஷே காரான 356 பிறந்தது. 1950ல் தயாரிப்பு ஸ்டட்கார்ட்டின் ஸுஃபென்ஹௌஸென் பகுதிக்கு வந்தது.

ஃபெர்ரியின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் வரைந்த அடுத்த கார் 1963ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு வந்தது. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்றிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ ஆட்சேபித்தது. பூஜ்யம் ஒன்றானது, 901 என்பது 911 ஆனது.

வண்டிடமிருந்து வந்த குடும்ப வழக்கப்படி இதிலும் இன்ஜின் பின்னால். இதனால் சாதாரண ஓட்டுநருக்கு மூன்று லாபங்கள். பாரம் பின்சக்கரங்களில் அழுந்துவதால் ஈர மேட்டில் சக்கரம் வீணாகச் சுழல்வது குறைவு. இன்ஜின் இல்லாத முன்பகுதி தாழ்ந்திருப்பதால் சாலை நன்றாகத் தெரியும். முன்னால் பெட்டி வைக்கவும், பின்னால் குழந்தைகள் உட்காரச் சிறிய இருக்கைகளுக்கும் இடம் கிடைக்கிறது. முதல் 911ன் அகலம் 1.61 மீட்டர்தான். 1968ல் பனி படர்ந்த மலைப்பாதைகளில் நடக்கும் மான்டே கார்லோ ராலியில் விக் எல்ஃபோர்ட் வென்றதும் ஒரு 911ல்தான்.

நஷ்டமும் உண்டு. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கனமான வால்பகுதி முன்னே வரப் பார்க்கும். இந்தக் குணத்தை அடக்க 1969 மாடலில் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 1980களின் இறுதியில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் மாடல் வந்தது. பின்னர் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடுகள் வந்தன. தவறான இடத்தில் வைத்த இன்ஜினை அறுபது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. திருத்திக்கொண்டே இருந்ததால்தான் இது தினமும் ஓட்டக்கூடிய காரானது.

சுவரில் நீண்ட கோடு

ஒரு கட்டத்தில் கம்பெனியே இந்தக் காரைக் கைவிடத் தயாரானது. 1977ல் வந்த 928, முன்புறம் எட்டு சிலிண்டர் இன்ஜினும் சொகுசான உள்கட்டும் கொண்டது. ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதை வென்றது. 911ஐ ஓய்வுக்கு அனுப்ப வந்த வாரிசு.

1981ல் தலைமைப் பொறுப்பேற்றவர் பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பீட்டர் ஷுட்ஸ். பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறையில் ஒரு வரைபடம் தொங்கியது. மற்ற மாடல்களின் கோடுகள் வருங்காலத்துக்கு நீள, 911ன் கோடு மட்டும் அந்த ஆண்டோடு நின்றது. ஷுட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டிச் சுவர் வரை இழுத்துவிட்டார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. 928ன் தயாரிப்பு 1995ல் நின்றது. பத்து லட்சமாவது 911, 2017 மே மாதம் ஸுஃபென்ஹௌஸெனிலிருந்து வெளிவந்தது.

மெத்தென்ற இருக்கையால் மட்டும் அன்றாடக் கார் ஆகிவிடுவதில்லை என்பது இதில் தெரிகிறது. காரின் நான்கு மூலைகளும் எங்கே முடிகின்றன என்று ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும். சந்தில் திரும்ப வேண்டும். நூறாவது நாளும் அலுக்கக் கூடாது. ஜப்பானில் ஹோண்டா 1990ல் தன் என்எஸ்எக்ஸ் காரில் இதையே செய்தது. நடுவில் இன்ஜின் கொண்ட கார் என்றால் வெளியே எதுவும் தெரியாது, அனலில் வேக வேண்டும் என்ற நிலையை அது மாற்றியது.

ஆனால் 911ம் பழைய 911 அல்ல. 1990களின் இறுதியில் காற்றால் குளிரும் இன்ஜின் போய் நீரால் குளிரும் இன்ஜின் வந்தது. 2018ல் அறிமுகமான தலைமுறையின் அகலம் 1.85 மீட்டர். முதல் காரைவிட 24 சென்டிமீட்டர் அதிகம். பழைய சந்துகள் அதற்காக அகலமாகவில்லை. நகரமும் பொறுமை இழந்துவருகிறது. அண்டாவுக்குள் தேங்கும் புகையைக் குறைக்க 2019 ஜனவரியில் பழைய டீசல் கார்களுக்குத் தடை போட்டது, காரால் வாழும் இதே ஸ்டட்கார்ட்தான். அந்த ஆண்டே ஸுஃபென்ஹௌஸெனில் நான்கு கதவு மின்சாரக் காரான டைகானின் தயாரிப்பு தொடங்கியது. 2024ல் 911லேயே ஹைப்ரிட் வந்துவிட்டது.

நம் தெருவில்

அண்டாவுக்கு ஏற்ற கார் நம் தெருவுக்கு ஏற்றதாகுமா? இங்கே பரீட்சையின் கேள்வித்தாளே வேறு.

முதல் கேள்வி, ஸ்பீடு பிரேக்கர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். விதிப்படி கட்டிய மேட்டைத் தாழ்ந்த காரும் மெதுவாகக் கடந்துவிடும். நம் பிரச்சினை, ஒரே இரவில் முளைக்கும் செங்குத்து மேடுகள். 911ன் முன்பக்கத்தைச் சுமார் 4 சென்டிமீட்டர் தூக்கும் வசதி கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் அது ஆடம்பரம், இங்கே அத்தியாவசியம். 1984 பாரிஸ்-டாகர் பாலைவன ராலி வெற்றியின் நினைவாக 2022ல் அறிவித்த 911 டாகரில் தரைக்கும் காருக்கும் 16 சென்டிமீட்டர் இடைவெளி. தேவைப்பட்டால் 19 வரை உயரும். நம் சாலைக்காகவே செய்ததுபோல் இருக்கும் அந்தக் காரை உலகம் முழுவதற்கும் 2,500 மட்டுமே தயாரித்தார்கள்.

இரண்டாவது, மழை. சக்கரம் தெறிக்கும் நீரின் ஓசையைக் கேட்டு, சாலை ஈரமாக இருக்கிறது என்று எச்சரிக்கும் கருவி புதிய 911ல் உண்டு. சாலை ஈரமாக இருந்தால் அது போதும். சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் ஆகஸ்ட் மாலையில் அந்தக் காது உதவாது.

மூன்றாவது, வேகம். 2024ல் புதுப்பித்த அடிப்படை 911 கரேராவின் உச்ச வேகம் மணிக்கு 294 கிலோமீட்டர். இந்திய எக்ஸ்பிரஸ்வேக்களுக்கு மத்திய அரசு 2018ல் வகுத்த உச்சவரம்பு 120. மீதி வேகத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். வரிகளோ அந்த விலையை மேலும் தள்ளுகின்றன. அந்தக் கார் 2024ல் இங்கே அறிமுகமானபோது ஷோரூம் விலையே சுமார் 2 கோடி ரூபாய்.

நான்காவது கேள்வி ஜெர்மனியில் யாரும் கேட்காதது: யார் ஓட்டுவது? டிரைவர் வைத்துக்கொள்ளும் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு விநோத நிலைமையை உண்டாக்கும். முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். டிரைவர் சந்தோஷமாக ஓட்டுவார். பின்னிருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. புதுப்பித்த கூப்பே மாடலில் பின்னிருக்கை வேண்டும் என்று கேட்டால்தான் வைத்துத் தருகிறார்கள், கூடுதல் விலை இல்லாமல்.

ஆகவே இங்கே கார் தேர்ந்தெடுப்பவர் குதிரைசக்திப் பட்டியலைவிடத் தன் ஒரு வாரத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. எத்தனை நாள் தனியாகப் போகிறோம், எத்தனை நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துப் போகிறோம்? வீட்டு வாசல் சரிவு எவ்வளவு? ஆபீஸ் பேஸ்மென்டில் அதைவிடக் கூர்மையான சரிவு இருக்கிறதா? பஞ்சரானால் சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர்? வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுபவர் ஒருவர், உடன் வருபவர் ஒருவர், போகும் சாலை நல்ல சாலை என்றால் 911 கூப்பே தன் புகழைக் காப்பாற்றும். அப்பா அம்மாவும் வருவார்கள் என்றால் பானமேராவோ டைகானோ போன்ற நான்கு கதவுக் கார். மேடு பள்ளம் அதிகம் என்றால் 2002ல் போர்ஷே விசுவாசிகள் முகம் சுளித்த, பின்னர் கம்பெனிக்கே சோறு போட்ட கயென்.

எதைத் தேர்ந்தாலும், ஷோரூம் தேர்ந்தெடுத்துத் தரும் வழுவழுப்பான சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. வேலைநாள் மாலை ஆறரை மணிக்கு, ஆபீஸிலிருந்து வீட்டுவரை, அந்த முனைத்தெரு மேட்டின் மீது ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.