பளிங்குத் தண்ணீர்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "அடடா, தண்ணீர் என்ன தெளிவு!" என்று சொல்ல வேண்டும். எனக்கும் அது இருந்தது. பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில், பேத்திக்காக என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் எனக்காகவே ஒரு தொட்டி வைத்திருந்தேன்.

கண்ணாடியில் பாசி படியும். வாரம் ஒருமுறை அதைச் சுரண்டிச் சுரண்டிச் சலித்துப்போனேன். நத்தை பாசியைத் தின்னும், சிப்பி தண்ணீரை வடிகட்டும் என்று யாரோ சொன்னார்கள். சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்! விடுவேனா? ஒருநாள் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனபோது, ஆற்று மணலைத் துழாவி இரண்டு சிப்பிகளும், கரையோரத்தில் மூன்று நத்தைகளும் எடுத்து, ஈரத் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன்.

நத்தைகள் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டன. அவற்றில் பெரியது பைலா இனம். அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. குழாய் போன்ற ஓர் உறுப்பைத் தண்ணீருக்கு மேலே நீட்டி அது காற்றை இழுப்பதைப் பார்த்துப் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். ஆனால் அது பாசியோடு நிற்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கி நட்ட செடியையும் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டது.

சிப்பிகளிடம் இந்தச் சேட்டையெல்லாம் கிடையாது. மணலில் பாதி புதைந்து, ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு துளையால் தண்ணீரை உறிஞ்சி மறு துளையால் வெளியே விட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர் பளிங்காயிற்று. என் பெருமைக்குக் கேட்பானேன்!

இரண்டு மாதம் சென்றது. ஒரு காலை, தொட்டியிலிருந்து நாற்றம் வீசியது. மூன்று மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தன. மணலுக்குள் ஒரு சிப்பி செத்து அழுகி, தண்ணீரையே நஞ்சாக்கியிருந்தது. செத்து எத்தனை நாள் ஆயிற்றோ! உயிரோடு இருந்தபோதும் அது அப்படித்தானே அசையாமல் கிடந்தது?

அந்த வாரம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அண்ணாச்சி வந்திருந்தார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வெகுகாலம் கணக்கு எழுதியவர்.

"இதுக்கு என்ன சாப்பாடு போட்டிய, தம்பி?" என்று கேட்டார்.

"சாப்பாடா? அது தண்ணீரை வடிகட்டிப் பிழைத்துக்கொள்ளும் என்றார்களே!"

"வடிகட்டுறதே சாப்பாட்டுக்குத்தான். தண்ணி பச்சையா, கலங்கலா இருந்தாத்தான் அதுக்குச் சோறு. பளிங்கா வச்சுப் பட்டினி போட்டுட்டியளே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. வேலைக்காரனை வைத்துக்கொண்டவன், அவன் சாப்பிட்டானா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதன் உழைப்பென்று நான் மெச்சியது அதன் பசி.

அண்ணாச்சி என்னைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, தம் கதையைச் சொன்னார். மலையில் இருந்தபோது அவரும் அம்பாசமுத்திரத்திலிருந்து நத்தைகளைக் கொண்டுபோய், ஓடைத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் விட்டாராம். சில மாதங்களில் ஓட்டின் நுனி வெளுத்து, குழி குழியாக அரித்துவிட்டது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். அப்படிப்பட்ட மலையில் ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஓடு கட்டுவதற்கு நத்தைக்குச் சுண்ணாம்பு கிடைக்காததோடு, கட்டிய ஓட்டையும் அந்தத் தண்ணீரே கரைத்துவிடுகிறது.

"முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போட்டேன். புதுசா வளர்ந்த ஓடு நல்லாத்தான் இருந்துச்சு. பழைய குழி மட்டும் மூடல."

மிஞ்சிய சிப்பியை ஆற்றிலேயே விட்டுவிடலாமா என்றேன். கூடாது என்றார். கடையில் வாங்கிய மீன்களோடு இருந்தது. ஏதாவது நோய் ஒட்டியிருந்தால் ஆற்றுக்கும் போகும். தம் வீட்டுப் புறக்கடையில் பழைய கல்தொட்டி ஒன்று, அடியில் சேறும் மேலே பச்சைத் தண்ணீருமாகக் கிடக்கிறது என்று சொல்லி, அதை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனார்.

சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து உண்டான தோட்டம் மாஞ்சோலை. குத்தகை முடிய இன்னும் சில வருஷங்கள் இருக்கும்போதே, 2024-ல் அங்கே வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். மகனுக்கு அங்கே வேலை என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் மலையிலேயே இருந்த அண்ணாச்சியும் அப்படித்தான் இறங்கி வந்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கல்தொட்டியின் சேற்றில் கோடு கிழித்தாற்போல ஒரு தடம். சிப்பி நகர்ந்திருக்கிறது! என் தொட்டியில் அது ஓர் அங்குலம்கூட நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி தம் கையாலேயே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். மலையிலிருந்து கொண்டுவந்த தூளில் கடைசிக் கொஞ்சமாம்.

"இங்கத்திக் கிணத்துத் தண்ணி கனம், தம்பி. அந்த நிறமும் வரல, ருசியும் வரல. ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் நம்பவில்லை.